எழுதினது அழியாமலிருக்க: நமது ஆஸ்பத்திரி சர்வரும் இரவு நேரப் பிரதிகளும்



கடந்த இதழில் வெளியான வரவு செலவுக் கணக்கில் "கம்ப்யூட்டர் பேக்கப் தட்டுகள், டிரைவ்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்த சில சபையார் அன்போடு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "கட்டிலுக்கும் மருந்துக்கும் என்று கொடுத்த காணிக்கை, தட்டு வாங்கவா போகிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொடுத்தவர்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பது எங்கள் கடமை. ஆகவே அந்த ஒரு வரியின் பின்னால் இருக்கிற வேலையை, கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்களுக்கும் விளங்கும்படி இந்தக் கட்டுரையில் எழுதுகிறோம்.

ஒரு புதன்கிழமை காலை

1998-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவிழா வாரம். அழகரைப் பார்க்கச் சுற்றுவட்டாரக் கிராமங்களெல்லாம் மதுரைக்குத் திரண்டு வந்திருந்தன. வைகைப் பாலங்களில் வண்டி நகரவில்லை. அந்தப் புதன்கிழமை காலை, பதிவு அலுவலகத்தில் இருந்த சர்வரின் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தமிட்டு நின்றுபோனது. பழுது பார்க்கிறவரை அழைத்தோம். கூட்டம் கலைந்தபின் மறுநாள்தான் வரமுடியும் என்றார்.

அதே வேளையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான தாயாரை மகன் தூக்கிக்கொண்டு வந்தான். கால் புண் பழுத்து, கடும் காய்ச்சல். "பாட்டி, இதற்கு முன்னால் ஊசி ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இங்கதான் தாயி, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஊசி போட்டாக. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிருச்சு. என்ன ஊசின்னு எனக்கு என்ன தெரியும்?"

அவருடைய ஓ.பி. சீட்டு மழையில் நனைந்து போய்விட்டதாம். கேஸ் ஷீட் எங்கள் பதிவேட்டு அறையில் பத்திரமாக இருந்தது. ஆனால் எந்தக் கட்டில்? கட்டுகள் நோயாளியின் எண்படி அடுக்கப்பட்டிருந்தன. பெயரையும் ஊரையும் கொண்டு எண்ணைக் கண்டுபிடிக்கிற அட்டவணையோ சர்வரில் இருந்தது. சர்வர் நின்றது; எண் இல்லை; எண் இல்லாமல் அந்த ஆயிரக்கணக்கான தாள்களில் அவருடைய தாள் இருந்தும் இல்லாததுபோல் ஆயிற்று. டாக்டர் அவசர ஊசியை நிறுத்தி, புண்ணைச் சுத்தம்பண்ணி, குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக் காத்திருந்தார்.

அலமாரியில் ஒரு உபரி ஹார்டு டிஸ்க் இருந்தது. அலமாரிக் கதவின் உட்புறத்தில், என்ன செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதி ஒட்டிய ஒரு தாளும் இருந்தது. எங்கள் அலுவலகத் தம்பிமார் இருவர் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து, புது டிஸ்க்கைப் பொருத்தி, முந்தின ஞாயிறு இரவு எழுதின தட்டையும் செவ்வாய் இரவு எழுதின தட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கு ஊர் பெயரையும் கணவர் பெயரையும் தட்டியபோது எண் வந்தது. பத்து நிமிஷத்தில் கேஸ் ஷீட் வந்தது. முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில், பென்சிலின் ஒவ்வாது என்று எழுதியிருந்தது.

வேறு மருந்து கொடுக்கப்பட்டது. மூன்று வாரத்தில் அந்தத் தாயார் நடந்து வீட்டுக்குப் போனார்.

எதைப் பிரதி எடுக்கிறோம்?

சர்வர் என்பது மற்றக் கம்ப்யூட்டர்களெல்லாம் கேட்டு வாங்குகிற பொதுப் பெட்டகம். பதிவு மேஜை, பரிசோதனைக் கூடம், மருந்தகம், கணக்கு அலுவலகம் ஆகிய எல்லாம் அதில் எழுதி அதிலிருந்தே படிக்கின்றன. அந்த இயந்திரம் கெட்டால் வேறொன்று வாங்கலாம். அதில் ஓடும் புரோகிராம்களையும் மறுபடி ஏற்றலாம். ஆனால் நேற்று மேலூரிலிருந்து வந்த ஒரு குழந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது.

சர்வருக்குள் இந்தத் தகவல்கள் கிடக்கும் ஒழுங்குக்கு "பைல் சிஸ்டம்" என்று பெயர். அதை எங்கள் பதிவேட்டு அறைக்கு ஒப்பிடலாம். அறையில் அடுக்குகள், அடுக்கில் கட்டுகள், கட்டில் தாள்கள், எது எங்கே என்று சொல்ல ஓர் அட்டவணை, எந்தக் கட்டை யார் திறக்கலாம் என்ற ஒழுங்கு. தாள்களை மட்டும் வாரிக்கொண்டு போய் வேறிடத்தில் குவித்தால் அது பதிவேட்டு அறை ஆகாது. ஆகவேதான் ஒன்றிரண்டு பைல்களை மட்டும் எடுத்து வைக்காமல், பெயர், தேதி, இடம், திறக்கும் உரிமை ஆகிய எல்லாவற்றோடும் பைல் சிஸ்டம் முழுவதையும் பிரதி எடுக்கிறோம். அந்தத் தாயாருடைய காரியத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டதும் தாள் அல்ல, அட்டவணைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

எப்பொழுது, எப்படி?

ஞாயிறு இரவு முழுப் பிரதி. இதை யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் பூஜ்ய நிலைப் பிரதி என்பார்கள். திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு இரவும், ஞாயிறுக்குப் பின் மாறினவற்றை மட்டும் எடுப்பது ஒன்றாம் நிலைப் பிரதி. வியாழன் இரவுத் தட்டில் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நான்கு நாள் மாற்றங்களும் அடங்கிவிடும். எனவே வெள்ளிக்கிழமை காலை ஒரு விபத்து நேர்ந்தால், ஞாயிறு தட்டும் வியாழன் தட்டும் இருந்தால் போதும்.

இன்னொரு முறையும் உண்டு. முந்தின இரவுக்குப் பின் மாறினதை மட்டும் ஒவ்வொரு இரவும் எடுப்பது. அதில் இடமும் நேரமும் மிச்சம். ஆனால் திரும்ப ஏற்றும்போது ஒவ்வொரு நாளின் தட்டும் வேண்டும். நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னானவற்றை நம்பமுடியாது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததுபோல ஆகும். ஆகையால் தட்டு கொஞ்சம் அதிகம் செலவானாலும் முதல் முறையையே வைத்துக்கொண்டோம்.

இரவு பத்தரை மணியைத் தெரிந்துகொண்டதற்கும் காரணம் உண்டு. கணக்கர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பேரேட்டைப் பார்த்து நகல் எடுத்தால், ஒரு பக்கத்தில் பழைய கூட்டலும் மறுபக்கத்தில் புதிய கூட்டலும் வந்துவிடும். அந்த நகல் எந்த நேரத்துக்கும் உண்மையாக இராது. ஆகவே பிரதி எடுக்கும் சற்று நேரம் பதிவுகளை நிறுத்திவைக்கிறோம். அப்பொழுது அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு ஏற்றுவார்கள்.

அழித்தெழுதும் தட்டு

அந்நாட்களில் எங்களிடம் இருந்தது மேக்னெட்டோ-ஆப்டிகல் என்ற வகைத் தட்டு. ஐந்தேகால் அங்குல அளவு. கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். 1.3 ஜிகாபைட் கொள்ளளவு என்றாலும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 650 மெகாபைட்தான். முதல் பக்கம் நிரம்பினதும் திருப்பிப் போடவேண்டும்.

அது வேலை செய்யும் விதம் அருமையானது. தட்டின் மேல் ஒரு காந்தப் பூச்சு இருக்கிறது. சாதாரண வெப்பத்தில் அந்தப் பூச்சின் காந்தத் திசையை எளிதில் மாற்றமுடியாது. லேசர் கதிர் ஒரு நுண்ணிய புள்ளியைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும்போது மாத்திரம் அது இளகிக்கொடுக்கும். அந்தக் கணத்தில் பக்கத்திலுள்ள காந்தம் அதை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ திருப்பிவிடும். சூடு தணிந்ததும் திசை உறைந்துவிடும். படிக்கும்போது மெல்லிய லேசர் பட்டுத் திரும்புகிற ஒளி, காந்தத் திசைக்கேற்ப மிகச் சிறிதளவு முறுகுகிறது. அந்த முறுக்கைக் கொண்டு 1 என்றும் 0 என்றும் டிரைவ் அறிகிறது. படிக்கும் முனை தட்டைத் தொடுவதேயில்லை. ஆகவே தேய்மானம் இல்லை. மதுரைப் புழுதிக்கும் உறை தடையாக நின்றது. காந்த நாடாவைப் போல, மேஜைமேல் கிடக்கும் ஒரு காந்தத்தால் கெட்டுப்போகிற பயமும் இல்லை.

பின்பு வந்த அழித்தெழுதும் சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே தட்டுகள் வேறு விதம். அவற்றில் காந்தம் இல்லை. ஓர் உலோகக் கலவை இருக்கிறது. லேசர் அதை உருக்கிச் சட்டென்று குளிரவிட்டால் ஒழுங்கற்று உறைந்து மங்கலாகும். அதைவிடக் குறைந்த சூட்டில் சற்று நேரம் வைத்தால் படிகமாகிப் பளபளக்கும். மங்கலும் பளபளப்புமே எழுத்து. இந்த மாற்றம் முடிவில்லாமல் நடக்காது. அழித்தெழுதும் சி.டி.யைச் சுமார் 1,000 தடவையும், டி.வி.டி.-ராம் வகையை 1,00,000 தடவையும் எழுதலாம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தட்டின் உறையிலும் எழுதின தேதிகளைக் குறித்து வைப்பது இதற்காகவே.

எங்கள் தவறு ஒன்று

நடந்த நல்லதை மட்டும் எழுதிவிட்டு, தவறினதை மறைத்தால் அது உண்மையான கணக்கு ஆகாது. 1999-இல் ஒரு முறை சர்வர் மறுபடியும் நின்றது. பயமில்லாமல் தட்டை எடுத்துப் போட்டோம். ஞாயிறு தட்டின் முதல் பக்கம் சரியாக ஏறிற்று. இரண்டாம் பக்கத்தில் இருந்ததோ மூன்று வாரத்துக்கு முந்தின எழுத்து. என்ன நடந்ததென்றால், தட்டைத் திருப்பிப் போடும் இரவுப் பணியாளர் விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவருக்குத் திருப்பவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. "பிரதி முடியவில்லை" என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு வாரமும் அறிவித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த அறிவிப்பு போன பிரிண்டரில் தாள் இல்லை.

குற்றம் அந்தப் பணியாளருடையது அல்ல. எழுதினதைப் படித்துப் பார்க்கிற பொறுப்பை ஒருவருக்கும் கொடுக்காமல் விட்ட எங்களுடையது. நர்ஸ்மாரும் அலுவலகத்தாரும் மூன்று இரவு கண்விழித்து, துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். சில பரிசோதனை முடிவுகளுக்குச் சீட்டே கிடைக்கவில்லை. அந்த நோயாளிகளுக்குக் கடிதம் போட்டு வரவழைத்து மறுபடி இரத்தம் எடுத்தோம். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழந்து வந்து நின்றார். "பரவாயில்லைங்க" என்றார். எங்களுக்குத்தான் தலைநிமிரமுடியவில்லை. அவருடைய பஸ் கட்டணத்தைக் கொடுத்தனுப்பினோம். சம்பளத்தை யார் கொடுப்பது?

அன்று முதல் இரண்டு ஒழுங்குகள் வந்தன. ஒன்று, எழுதி முடிந்ததும் தட்டிலுள்ளதைச் சர்வரிலுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, காலையில் பொறுப்பாளர் நோட்டில் கையெழுத்திடவேண்டும். இரண்டு, மாதத்தின் முதல் சனிக்கிழமை, வேறொரு கம்ப்யூட்டரில் பிரதியை முழுவதும் ஏற்றி, ஏதாவது ஐந்து நோயாளிகளின் விவரத்தைத் திறந்து பார்க்கவேண்டும். திரும்ப ஏற்றிப் பார்க்காத பிரதி, முளைக்குமா என்று பார்க்காத விதை நெல்லைப் போன்றதுதான். குதிரில் நிறைந்திருக்கும், விதைக்கும் நாளில்தான் தெரியும்.

எங்கே வைப்பது?

எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்கின வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாட்கள் அவை. கிரயப் பத்திரம் முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டாக இருந்தது. இரண்டையும் அநேக நாள் நிற்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நகரமே எரியப்போகிற காலத்திலும் பத்திரத்துக்கு ஒரு பிரதி, அதற்கு ஒரு பாண்டம் என்ற கவலை அவருக்கு இருந்தது.

பிரதியைச் சர்வருக்குப் பக்கத்திலேயே வைத்தால், ஒரே தீயில், ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றின தீ நம் ஊர் முழுவதும் அறிந்தது. 2024 அக்டோபரில் ஒரே பிற்பகல் மழையில் செல்லூர் வீதிகள் வெள்ளமானதையும் கண்டோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சுப் புத்தகமானால் வேறு ஊரில் தேடலாம். ஒரே ஒரு பிரதி இருந்தது போனால் போனதுதான்.

ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்பதே உலகம் முழுவதும் கைக்கொள்ளும் விதி. எங்களிடம் ஒன்று சர்வரில், ஒன்று வேறு கட்டிடத்து இரும்பு அலமாரியில், மூன்றாவது மாதந்தோறும் மதுரைக்கு வெளியே ஒரு பாதுகாப்பான இடத்தில். வெளியே போகும் தட்டு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. வழியில் தொலைந்தாலும் நோயாளியின் இரகசியத்தை யாரும் படிக்கமுடியாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படிப்பட்ட எச்சரிக்கையையே எதிர்பார்க்கிறது. உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்று ஆண்டாவது வைத்திருக்கவேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்கவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறின. சர்வர் கெட்டது என்பது அதற்குப் பதிலாகாது.

அழிக்கமுடியாத தட்டு ஏன்?

அழித்தெழுதும் தட்டால் செலவு குறைவு. ஆனால் அழிக்கக்கூடியது எதிரியாலும் அழிக்கப்படலாம். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டு, அவற்றிலிருந்த தகவல்கள் திறக்கமுடியாதபடி பூட்டப்பட்டன. நாட்கணக்காக ஓ.பி. பதிவும் பரிசோதனையும் கையால் எழுதியே நடந்தன. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தபடியால் நோயாளிகளின் விவரங்கள் மீட்கப்பட்டன என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அவ்வளவு பெரிய மருத்துவமனையையும் காப்பாற்றினது தனியே இருந்த ஒரு பிரதிதான்.

ஆகவே நாள் தட்டுகளையும் வாரத் தட்டுகளையும் சுழற்சியில் அழித்தெழுதுகிறோம். மாதக் கடைசிப் பிரதியை மட்டும் ஒரே தடவை எழுதக்கூடிய தட்டில் எழுதி, டிரைவிலிருந்து எடுத்து அலமாரியில் பூட்டுகிறோம். கம்பி வழியாக வருகிற எந்தத் திருடனும் அலமாரிப் பூட்டைத் திறக்கமுடியாது. மேலும் சில தவறுகள் நடந்து பல வாரங்களுக்குப் பின்பே கண்ணில் படும். அப்பொழுது நேற்றைய பிரதியிலும் அதே தவறுதான் இருக்கும். மூன்று மாதத்துக்கு முந்தின தட்டே உதவும்.

பெயர்த்தெழுதும் ஊழியம்

தட்டு நீடித்தாலும் அதைப் படிக்கும் டிரைவ் நீடிப்பதில்லை. எங்கள் பழைய மேக்னெட்டோ-ஆப்டிகல் டிரைவ்கள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. கடைசி டிரைவ் கெடுமுன் அதிலிருந்தவற்றை டி.வி.டி.க்கும், அதிலிருந்து ப்ளூ-ரே தட்டுக்கும் ஹார்டு டிஸ்க்குகளுக்கும் மாற்றினோம். 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம் பதிவு செய்யும் ப்ளூ-ரே தட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. வேறு நிறுவனங்களின் தட்டுகள் கிடைத்தாலும், அடுத்த மாற்றத்துக்கு ஆயத்தப்படும் காலம் வந்துவிட்டது. நீங்கள் கணக்கில் கண்ட அந்த வரி, இதற்காக வாங்கின தட்டுகளும் ஒரு உபரி டிரைவுமே.

இது நம் முன்னோர் அறியாத வேலை அல்ல. பனையோலையைப் பூச்சி அரிக்கும். ஆகவே தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ப் பல வீட்டுப் பிரதிகளைச் சேர்த்து ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றினார். ஒரு வீட்டு ஏட்டில் இல்லாதது இன்னொரு வீட்டு ஏட்டில் இருந்தது. 1998-இல் நம் ஊர் பெயரைத் தாங்கித் தொடங்கின மதுரைத் திட்டமும், பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உலகமெங்கும் பலர் வைத்துக்கொள்ளும்படி கொடுக்கிறது. பலரிடம் இருப்பது ஒரே நாளில் அழியாது.

கேள்வி கேட்ட அந்தப் பெரியவருக்கு எங்கள் பதில் இதுவே: ஐயா, உங்கள் காணிக்கை கட்டிலுக்கும் மருந்துக்கும்தான் போயிற்று. அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு எந்த மருந்து ஆகாது என்று சொல்லுகிற ஒரு வரியைக் காக்க, அதில் ஒரு சிறு பங்கு தட்டாயிற்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை மதுரைப் பக்கம் வந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்தப் பரிசோதனையை உங்கள் கண்முன்னே செய்துகாட்டுவோம். நோட்டில் சாட்சியாக நீங்களும் ஒரு கையெழுத்துப் போடலாம்.

இரவு பத்தரை மணிக்குத் தட்டு மாற்றுகிற எங்கள் பணியாளர்களையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆஸ்பத்திரி ஊழியர்கள்